அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து அணியில் இத்தனை பயிற்சியாளர்கள் எதற்கு? என் மகன் யாருக்கு எழுத வேண்டும்?

ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆண்கள் கால்பந்து (அங்கே ‘சாக்கர்’) அணியின் பயிற்சியாளர் பட்டியலில் ஏழு பெயர்கள் இருப்பதாகவும், பதினோராம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகனின் ஆட்டப் பதிவை அவர்களில் யாருக்கு அனுப்புவது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். தலைமைப் பயிற்சியாளருக்கு அனுப்புவதுதான் மரியாதை என்று நமக்குத் தோன்றும். ஆனால் உங்கள் மகனை முதலில் பார்க்கப்போகிறவர் பெரும்பாலும் அவராக இருக்கமாட்டார். அவருக்கு அடுத்த வரிசையில் இருக்கும் உதவிப் பயிற்சியாளர் ஒருவராகத்தான் இருப்பார்.

2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளின் இலையுதிர்காலப் பருவங்களில், அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் முதுகலை படித்துக்கொண்டே, பல்கலைக்கழக ஆண்கள் அணியின் ஆட்டங்களைப் படம்பிடித்து வெட்டித் தரும் மாணவ உதவியாளனாக வேலை செய்தேன். மாணவ விசாவில் வந்தவர்கள் படிப்புக் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். ஆட்டக்காரர்களும் பருவத்தின்போது வாரம் 20 மணி நேரம்தான் பயிற்சியிலும் ஆட்டத்திலும் ஈடுபடலாம் என்பது கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் விதி. அதனால் எங்கள் இரு தரப்புக்கும் ஒரே கடிகாரம் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வோம். சென்னையில் நான் படித்த கல்லூரியில் கிரிக்கெட்டுக்கும் வாலிபாலுக்கும் கால்பந்துக்கும் ஒரே பி.டி. சார்தான்; பந்துப்பை இருக்கும் அறையின் சாவியும் அவரிடம்தான் இருக்கும். அந்தப் பழக்கத்தில் போன எனக்கும் உங்களைப் போலவே முதலில் ஒன்றும் புரியவில்லை. ‘டிரெய்னர்’ என்று ஒருவரை அறிமுகப்படுத்தினார்கள். அவரைப் பயிற்சியாளர் என்று எண்ணி ஆட்ட முறையைப் பற்றிக் கேட்டேன். அவர் காயங்களைக் கவனிப்பவர் என்பதும், ஆட்டக்காரனைக் களத்துக்கு அனுப்பலாமா கூடாதா என்பதில் தலைமைப் பயிற்சியாளரே அவருடைய சொல்லை மீற முடியாது என்பதும் பிறகுதான் தெரிந்தது.

நீங்கள் பார்த்த ஏழு பேரில் காயங்களைக் கவனிப்பவர், உடல்வலுப் பயிற்சியாளர், பயண ஏற்பாடுகளையும் சாப்பாட்டையும் பார்த்துக்கொள்ளும் நிர்வாகி ஆகியோரைக் கழித்துவிட்டால், விதிப்படி பயிற்சியாளராகக் கணக்கிடப்படுபவர்கள் மூன்று நான்கு பேர்தான் மிஞ்சுவார்கள். என்.சி.ஏ.ஏ. கல்லூரிகளை மூன்று பிரிவுகளாக வகுத்திருக்கிறது. நான் இருந்த காலத்தில் அவற்றில் மேல்நிலையான முதல் பிரிவில் ஒரு தலைமைப் பயிற்சியாளரும் இரண்டு உதவியாளர்களும்தான் சம்பளம் வாங்கலாம். அதற்கு மேல் ஒருவரைத் ‘தன்னார்வப் பயிற்சியாளர்’ என்ற பெயரில் வைத்துக்கொள்ளலாம். கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி தருபவர் பல இடங்களில் இந்தச் சம்பளமில்லாத ஆளாகவே இருந்தார். கோடைக்காலத்தில் சிறுவர்களுக்கு நடத்தும் முகாம்களில் கிடைக்கும் பணம்தான் அவருடைய வருமானம். அணியிலேயே மிகக் குறிப்பான திறமை வேண்டிய வேலையை ஊதியமில்லாத ஒருவரிடம் விட்டிருந்தது எனக்கு அப்போதும் அநியாயமாகத்தான் பட்டது. 2023 ஜூலை 1 முதல் அந்தத் தன்னார்வ வகையையே எடுத்துவிட்டார்கள். இனி அந்த இடத்தில் இருப்பவருக்கும் பல்கலைக்கழகம் சம்பளம் கொடுக்கலாம்.

இந்த உதவியாளர்கள் ஆட்ட நாளில் செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி ஆட்டத்தின் விதிகள் நாம் தொலைக்காட்சியில் பார்க்கும் ஆட்டத்தின் விதிகள் அல்ல. கடிகாரம் 45 நிமிடத்திலிருந்து கீழ்நோக்கி ஓடும்; கடைசிப் பத்து நொடிகளை ஒலிபெருக்கியில் எண்ணிச் சொல்வார்கள். வெளியே அழைக்கப்பட்ட ஆட்டக்காரர் முதல் பாதியில் திரும்ப வர முடியாது. இரண்டாம் பாதியில் ஒரு முறை திரும்ப வரலாம். யார் எப்போது வெளியே வந்தார், யாருக்கு இன்னும் உரிமை பாக்கி இருக்கிறது என்று ஓர் உதவியாளர் அட்டையில் குறித்துக்கொண்டே இருப்பார். பருவம் ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி டிசம்பருக்குள் முடிந்துவிடுவதால், பல வாரங்களில் இரண்டு ஆட்டங்கள் வரும். ஆள் மாற்றுவதை ஒழுங்காகத் திட்டமிடாத அணி அக்டோபரிலேயே களைத்துவிடும்.

ஆனால் இவர்களின் உண்மையான வேலை, ஆள் எடுப்பது. அங்கே அதை ‘ரெக்ரூட்டிங்’ என்பார்கள். முதல் பிரிவில் ஆண்கள் கால்பந்துக்கு அப்போதிருந்த உதவித்தொகை வரம்பு ஓர் அணிக்கு 9.9. அதாவது இருபத்தைந்து முப்பது பேர் கொண்ட அணிக்குப் பத்து முழு உதவித்தொகைகூட கிடையாது. அதைத்தான் பாதி, கால், அதற்கும் குறைவு என்று பங்கு போட்டுக் கொடுப்பார்கள். 2025-26 கல்வியாண்டிலிருந்து, புதிய நீதிமன்ற உடன்பாட்டை ஏற்ற பல்கலைக்கழகங்களில் அந்த வரம்பு நீங்கி, அணியில் 28 பேருக்கு மேல் கூடாது என்ற வரம்பு வந்திருக்கிறது. வரம்பு எதுவானாலும், ஒவ்வோர் இடத்துக்கும் சரியான ஆளைத் தேடி, அவனுடைய மதிப்பெண்ணைப் பார்த்து, பெற்றோருடன் பேசி, கடைசிக் கணக்கைத் தலைமைப் பயிற்சியாளர் முன் வைப்பவர் உதவியாளர்தான்.

எங்கள் அணியில் இதைச் செய்துவந்த உதவிப் பயிற்சியாளரின் பக்கத்தில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான பதிவுகளைப் போட்டுக் காட்டியிருக்கிறேன். பாட்டுப் போட்டு, வேகத்தைக் கூட்டி, கோல்களாகவே கோத்து அனுப்பிய பதிவுகளை அவர் முதல் முப்பது நொடிகளுக்கு மேல் பார்த்து நான் அறியேன். பிடித்திருந்தால் உடனே முழு ஆட்டத்தின் பதிவைக் கேட்பார். அதிலும் பந்து அந்தப் பையனிடம் இருக்கும் நேரத்தைவிட, பந்தைப் பறிகொடுத்த பிறகு அவன் என்ன செய்கிறான் என்பதையே திரும்பத் திரும்ப ஓட்டச் சொல்வார். இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டான் என்றால் பதிவை மூடிவிடலாம் என்று பொருள்.

இப்படிப்பட்டவர்கள் நெடுநாள் உதவியாளராகவே இருந்துவிடுவதில்லை என்பதுதான் நீங்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி. இந்தியானா பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 1973இல் அங்கே கால்பந்து அதிகாரபூர்வ விளையாட்டான நாள் முதல் அணியை நடத்திய ஜெரி யேக்லி, 2003இல் தம் ஆறாவது தேசியப் பட்டத்தோடு ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டே அவருடைய உதவியாளராக இருந்த மைக் ஃப்ரைடாக் அணியை நடத்தி மீண்டும் பட்டம் வாங்கிக் கொடுத்தார். பிறகு 2010இல், அங்கேயே ஆடி, அங்கேயே உதவியாளராகவும் இருந்த ஜெரியின் மகன் டாட் யேக்லி பொறுப்பேற்று 2012இல் எட்டாவது பட்டத்தைப் பெற்றார். அதே உதவியாளர் வரிசையில் இருந்து 2006இல் ஏக்ரனுக்குப் போன கேலப் போர்ட்டர், 2010இல் அந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கால்பந்தில் முதல் தேசியப் பட்டத்தை வாங்கித் தந்து, பின்னர் தொழில்முறை லீக்கில் போர்ட்லாந்து, கொலம்பஸ் என்ற இரண்டு அணிகளுக்குக் கோப்பை பெற்றுக் கொடுத்தார். வர்ஜீனியாவில் புரூஸ் அரீனாவிடம் உதவியாளராக இருந்த பாப் பிராட்லி பிரின்ஸ்டனுக்குத் தலைமையேற்றுப் போனார். பிற்காலத்தில் இருவருமே அமெரிக்கத் தேசிய அணியை நடத்தினார்கள். அரீனா தொடக்கத்தில் அதே பல்கலைக்கழகத்தின் லக்ராஸ் (வலைமட்டையால் பந்தை எறிந்து ஆடும் ஆட்டம்) அணிக்கு உதவிப் பயிற்சியாளராகவும் இருந்தவர் என்று கேள்விப்பட்டபோது எங்கள் பி.டி. சார்தான் என் நினைவுக்கு வந்தார்.

அண்மைக் காலத்துக்கு வந்தால், 2024 டிசம்பரில் வெர்மான்ட் பல்கலைக்கழகம் கூடுதல் நேரத்தில் மார்ஷலை 2-1 என்று வென்று முதன்முறையாகப் பட்டம் பெற்றது. வென்ற கையோடு தலைமைப் பயிற்சியாளர் ராப் டோ பென் ஸ்டேட்டுக்குப் போய்விட்டார்; அவருடைய உதவியாளர் குழுவில் இருந்த ஏட்ரியன் டுபுவா அந்த நாற்காலியில் அமர்ந்தார். ஆகவே உங்கள் மகனிடம் இன்று பேசும் உதவியாளர், அவன் சேரும் நாளில் வேறு ஊரில் தலைமைப் பயிற்சியாளராக இருக்கலாம். அதில் இழப்பு இல்லை. அவருடைய குறிப்பேட்டில் பையனின் பெயர் இருந்தால் அந்தப் பெயரும் அவரோடு போகும். எங்கள் உதவிப் பயிற்சியாளரும் நான் பட்டம் பெற்ற ஆண்டிலேயே வேறொரு கல்லூரிக்குத் தலைமையேற்றுப் போனார். முதல் பருவத்தில் அவர் சேர்த்துக்கொண்டவர்களில் இருவரின் பதிவுகளை நான் அவருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

எனவே செய்ய வேண்டியது இது. ஒவ்வோர் உதவியாளரின் குறிப்பிலும் எந்தப் பொறுப்பு அவருடையது என்று எழுதியிருப்பார்கள். ஆள் எடுப்பதை ஒருங்கிணைப்பவர் யார் என்று பார்த்து அவர் பெயரிட்டே எழுதுங்கள். மகன் கோல்கீப்பர் என்றால் கோல்கீப்பர் பயிற்சியாளருக்கு ஒரு பிரதி போகட்டும். கடிதத்தை மகனே எழுதட்டும். தந்தை எழுதும் கடிதத்தை அங்கே அவ்வளவாக விரும்புவதில்லை. பிறந்த ஆண்டு, ஆடும் இடம், எந்தக் கால் வலுவானது, பள்ளி மதிப்பெண், வெட்டாத ஒரு முழு ஆட்டத்தின் இணைப்பு ஆகியவை போதும். மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளில் விளையாட்டுக்கென உதவித்தொகை கிடையாது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் வகுப்பு முடிந்த பின் வரும் ஜூன் 15 வரை முதல் பிரிவுப் பயிற்சியாளர்கள் ஒரு மாணவனுக்குத் தனிப்பட்ட முறையில் பதில் எழுதக்கூடாது. உங்கள் மகன் அந்தத் தேதியைத் தாண்டிவிட்டதால் இனி அவர்கள் பதில் எழுதத் தடையில்லை. ஆனால் செப்டம்பர், அக்டோபரில் எழுதினால் அவர்கள் பேருந்திலும் விமானத்திலும் இருப்பார்கள், ஜனவரியில் எழுதுங்கள்.