கிணற்று நீரைக் காய்ச்சிக் குடித்தால் போதுமா?

கேள்வி: அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஆஸ்கோடாவில் இருக்கும் என் மகள் ஆறு மாதக் கர்ப்பிணி. பக்கத்திலேயே மூடிக்கிடக்கும் விமானப்படைத் தளம். வீட்டில் கிணற்று நீர்தான். ஏதோ ரசாயனம் இருக்கிறது, ஆனால் 'அளவுக்குள்தான்' என்று வீட்டுக்காரர் 2017ஆம் வருடத்துப் பரிசோதனைத் தாளைக் காட்டினாராம். பிரசவத்துக்கு நான் போகிறேன். காய்ச்சி ஆறவைத்துக் கொடுத்தால் போதாதா டாக்டர்?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: போதாதம்மா. கொதி, கிருமியைத்தான் கொல்லும். அங்கே இருப்பது பிஃபாஸ் எனும் ரசாயனக் குடும்பம். ரசம் சுண்டினால் உப்பு ஏறுகிறதல்லவா, அதே கதைதான்: தண்ணீர் ஆவியாகப் போகும், ரசாயனம் பாத்திரத்திலேயே நிற்கும். காய்ச்சக் காய்ச்சச் செறிவு கூடும்.

உங்கள் மகள் வீட்டருகே இருப்பது வர்ட்ஸ்மித் தளம். 1993இல் மூடினார்கள். எரிபொருள் தீயை அணைக்கப் பயிற்சி எடுக்கும்போது பீய்ச்சிய, பிஃபாஸ் கலந்த நுரை மணலில் இறங்கி நிலத்தடி நீரில் கலந்துவிட்டது. 2010இல் அதைக் கண்டுபிடித்தது மாநிலச் சுற்றுச்சூழல் துறை. அங்குள்ள கிளார்க் சதுப்பில் பிடித்த மீனை உண்ண வேண்டாம் என்று 2012இல் எச்சரிக்கை வந்தது. 2018இல் சுற்றுவட்டார மான் கறிக்கும் வந்தது.

சரி, அந்த 'அளவுக்குள்' என்ற சொல்லுக்கு வருவோம். யாருடைய அளவு? 2016இல் அமெரிக்க மத்திய அரசு சொன்ன எண், பிஃபாஸ் குடும்பத்தைச் சேர்ந்த பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் என்ற ரசாயனங்கள் இரண்டும் சேர்த்து லிட்டருக்கு 70 நானோகிராம். (ஒரு கிராமை நூறு கோடி பங்காக்கினால் ஒரு பங்குதான் நானோகிராம்.) ராணுவமும் அதையே கோடாகப் பிடித்துக்கொண்டது. மிச்சிகன் 2020இல் குடிநீருக்குத் தன் சொந்த வரம்பை வைத்தது: முதலாவதற்கு 8, இரண்டாவதற்கு 16. 2024இல் மத்திய அரசே இறங்கிவந்து ஒவ்வொன்றுக்கும் 4 என்றது. பிஎஃப்ஓஎஸ் 30 இருக்கும் கிணறு 2017இல் 'நல்ல கிணறு'. அதே தண்ணீர், 2020க்குப் பிறகு கெட்டது.

மத்தியச் சட்டப்படி, தளத்தைச் சுத்தம் செய்வதில் முன்னிற்பது விமானப்படை. மாநிலம் மேற்பார்வை பார்க்கும். எந்த அளவு வரை சுத்தம் என்பதில்தான் பல வருட இழுபறி. வீட்டை அழுக்காக்கியவர் கையிலேயே துடைப்பமும் இருந்தால், பின்னால் ஒருவர் நின்று மூலைமுடுக்கைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டாமா? அந்த வேலையை மிச்சிகன் விடாமல் செய்கிறது என்பது என் எண்ணம். ஆனால் குடிநீர் வரம்பு பொதுக் குழாய் நீருக்குத்தான். சொந்தக் கிணற்றுக்குக் காவல் நீங்கள்தான். பழைய தாளை ஒதுக்கிவிட்டு, புதிதாகப் பரிசோதிக்க உள்ளூர் சுகாதாரத் துறையை மகள் கேட்கட்டும்.

முடிவு வரும்வரை குடிக்க, உலை வைக்க, பருப்பு வேகவைக்க எல்லாவற்றுக்கும் ஆர்.ஓ. அல்லது பிஃபாஸ் நீக்கும் என்று சான்று பெற்ற கரித்தூள் வடிகட்டி நீர். அரிசி ஊறவைக்கும் தண்ணீரை நம் வீடுகளில் மறந்துவிடுவோம், அதையும் சேர்த்துத்தான். தண்ணீரை மென்மையாக்கும் கருவி இதற்கு உதவாது. குளிக்க, துணி துவைக்கக் கிணற்று நீர் போதும், தோல் வழியாக மிகக் குறைவாகவே உள்ளே போகும். தளத்துக்குப் பக்கத்து வான் எட்டன் ஏரிக்கரையில் வெள்ளை நுரை ஒதுங்கினால் தொட வேண்டாம், அதிலும் இதே பிஃபாஸ் இருக்கலாம்.

இந்த ரசாயனம் உடம்பில் பாதியாகக் குறையவே சில வருடங்கள் ஆகும். வெளியேற்ற மருந்தும் கிடையாது. கொலஸ்ட்ரால் உயர்வு, பிரசவகால ரத்த அழுத்தம், குழந்தையின் எடை சற்றுக் குறைவது ஆகியவற்றோடு இதற்குத் தொடர்பு தெரிகிறது. அதற்காக மகளைப் பயமுறுத்தாதீர்கள். இவை தொடர்புகள்தான், எல்லாருக்கும் வருவதில்லை. ஒவ்வொரு செக்கப்பிலும் பிபி பார்க்கட்டும். இந்த விஷயத்தை மருத்துவரிடம் தானாகவே சொல்லட்டும்.

அப்புறம், நீங்கள் கேட்காதது ஒன்று. தாய்ப்பால் வழியாகவும் கொஞ்சம் போகும் என்று யாராவது சொல்லி நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்த வேண்டாம். பால் பவுடர் கலக்க நேர்ந்தால் மட்டும் வடிகட்டிய நீரையே எடுங்கள், அந்த நீரைக் காய்ச்சிக்கொள்ளலாம்.