வாசகர் கேள்வி: ஏறவும் இறங்கவும் ஒரே பூட் போதுமா?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் கீழக்கரை, வேலை மியூனிக்கில். இங்கே வந்த பிறகுதான் பனிச்சறுக்கு கற்றுக்கொண்டேன், இதுவரை வாடகை பூட்தான். இப்போது கூட வேலை பார்ப்பவர்கள் லிஃப்ட் இல்லாத மலைகளில் தாங்களே ஏறி இறங்கும் டூரிங் போகிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஹைப்ரிட் பூட் வாங்கிவிடுங்கள் என்று கடைக்காரர் 130 ஃப்ளெக்ஸ் (பூட் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்லும் எண்) உள்ள ஒன்றைக் காட்டினார். எடை 68 கிலோ, ஷூ சைஸ் 42. வாங்கலாமா?

பதில்: ஹைப்ரிட் வாங்கலாம் தம்பி. ஆனால் அந்த 130 உங்களுக்கு வேண்டாம், கடையில் முதலில் பார்க்க வேண்டியதும் அந்த எண் இல்லை.

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ரிசார்ட்டில் லிஃப்ட் மேலே கொண்டுபோய் விட்டுவிடும், இறங்குவது மட்டும்தான் நம் வேலை. அதனால் அங்கே போடுவது கணுக்காலை அசையவிடாமல் பிடிக்கிற கெட்டிப் பிளாஸ்டிக் பூட், ஒரு காலுக்கே 2 கிலோ அல்லது அதற்கு மேல் வரும். டூரிங்கில் ஸ்கீயின் (காலில் மாட்டும் சறுக்குப் பலகை) அடியில் ஸ்கின் என்ற பட்டையை ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் குதிகாலைத் தூக்கி நடந்தே ஏற வேண்டும். அதற்கான பூட் பெரும்பாலும் ஒன்றரைக் கிலோவுக்குள் இருக்கும், கணுக்கால் தாராளமாக மடங்கும். ஹைப்ரிட் இரண்டுக்கும் நடுவில்: ஒன்றரையிலிருந்து 2 கிலோவுக்குள் எடை, பின்பக்கம் ஒரு லீவர், அதைத் திறந்தால் கணுக்கால் 50, 60 டிகிரி ஆடும், பூட்டினால் இறங்கத் தயார்.

சீசனில் பெரும்பாலான நாட்கள் லிஃப்டில்தான், அவ்வப்போது பாதி நாள் ஏற்றம் என்றால் ஹைப்ரிட் சரியான தேர்வு. வாராவாரம் முழு நாள் ஏறப் போகிறீர்கள் என்றால் டூரிங் பூட்டையே வாங்குங்கள், அரைக் கிலோ கூடுதல் எடையை ஒவ்வொரு அடியிலும் தூக்குகிற வேதனை மதியத்துக்குள் தெரிந்துவிடும்.

இப்போது காலுக்கு வருவோம், இதில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் அவதிப்படுகிறார்கள். சின்ன வயது முழுக்க வெறுங்காலோடும் ரப்பர் செருப்போடும் மணலில் திரிந்து வளர்ந்த பாதத்துக்கு விரல் பக்கம் நன்றாக விரிந்திருக்கும். ஸ்கீ பூட்டின் அகலமோ பெரும்பாலும் 98 மில்லிமீட்டரிலிருந்து 102 வரைதான். முன்பக்கம் நெரிக்கிறதே என்று ஒரு சைஸ் பெரியதாக எடுத்தீர்களோ, குதிகால் உள்ளே ஆட ஆரம்பிக்கும். ரிசார்ட்டில் அது கட்டுப்பாட்டைக் கெடுக்கும், ஏற்றத்தில் தோலையே உரித்துவிடும். நீளம் சரியாக, குதிகால் இறுக்கமாக இருக்கிற பூட்டை எடுத்து, அகலத்தைக் கடையிலேயே சூடாக்கி விரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள், பூட் ஃபிட்டர் என்று இதற்கென்றே ஆள் இருப்பார்கள்.

ஷூ சைஸ் 42 என்பதை மறந்துவிடுங்கள். ஸ்கீ பூட் சைஸ் பாதத்தின் நீளம்தான், 26.5 என்றால் 26.5 சென்டிமீட்டர். சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது, குதிகாலைச் சுவரோடு ஒட்டி நின்று இரண்டு காலையும் அளந்துகொள்ளுங்கள். கடையில் லைனரை (உள்ளே இருக்கும் மெத்தைப் பகுதி) வெளியே எடுத்துவிட்டு வெறும் ஷெல்லுக்குள் (வெளிப் பிளாஸ்டிக் கூடு) காலை விட்டு, விரல் முன்பக்கம் லேசாகத் தொடும்படி நிற்கவும். குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை சென்டிமீட்டர் அளவு இடம் இருந்தால் நல்லது, 2 சென்டிமீட்டரைத் தாண்டினால் அந்தப் பூட் பெரிது. அப்புறம் லைனரோடு போட்டு, பக்கிளை மாட்டி, கடைக்குள்ளேயே அரை மணி நேரம் நடங்கள், லீவரைத் திறந்தும் பூட்டியும். பேசி முடிக்கிற அவசரத்தில் யாரும் இதைச் செய்வதில்லை.

ஃப்ளெக்ஸ் எண்ணுக்கு எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது, ஒருவருடைய 120 இன்னொருவருடைய 110 ஆக இருக்கும். 68 கிலோ, இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் நிலை, உங்களுக்கு 100, 110 தாராளம். பூட் அதிகக் கெட்டியாக இருந்தால் முழங்காலை முன்னால் தள்ள முடியாது, உடல் பின்னால் சாய்ந்துவிடும், அதோடு ஸ்கீ நம் பேச்சைக் கேட்காது.

கடைசியாக பைண்டிங், அதாவது பூட்டை ஸ்கீயோடு பிடித்து வைத்து, விழுந்தால் கழற்றிவிடும் கருவி. இதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள், எலும்பு சம்பந்தப்பட்ட விஷயம். ஹைப்ரிட் பூட்டின் அடிப்பாகம் பெரும்பாலும் கிரிப்வாக் வகை, ரப்பர் பதித்து லேசாக வளைந்திருக்கும். பழைய ரிசார்ட் பைண்டிங் ஐஎஸ்ஓ 5355 என்ற தரநிலைப்படி உள்ள தட்டையான அடிப்பாகத்துக்காகச் செய்தது. அதில் கிரிப்வாக்கை மாட்டினால் மாட்டியது போலத்தான் தெரியும், விழும்போது கழல வேண்டிய நேரத்தில் கழலாமல் போகலாம், கெண்டைக்கால் எலும்பும் முழங்கால் நாரும் அதற்கு விலை கொடுக்கும். பைண்டிங்கில் கிரிப்வாக் அல்லது எம்என்சி (பல வகை அடிப்பாகத்துக்கும் பொருந்தும் என்ற குறி) என்று எழுதியிருக்க வேண்டும். இன்னொன்று, பார்க்க ஒரே மாதிரி இருக்கும் பூட்களில் சிலவற்றுக்கு நடக்கும் லீவர் இருக்கும், 'பின்' பைண்டிங் (பூட்டின் நுனியைச் சின்ன ஊசிகளால் பிடிக்கும் வகை) பிடிக்கிற குழி இருக்காது. 1980-களில் ஆஸ்திரியாவின் ஃப்ரிட்ஸ் பார்த்தல் உருவாக்கிய முறை அது. பூட்டின் நுனியில் இரண்டு பக்கமும் சின்ன உலோகக் குழி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இல்லையென்றால் அதைப் போட்டுக்கொண்டு 'பின்' பைண்டிங்கில் டூரிங் போக முடியாது. ஏறும்போது ஊசியால் பிடிப்பது, இறங்கும்போது ரிசார்ட் பைண்டிங் போலப் பிடிப்பது என்று இரண்டும் செய்கிற பைண்டிங்குகள் இப்போது கிடைக்கின்றன, 2018-ல் வந்த சாலமன் ஷிஃப்ட் அந்த வகை. உங்களைப் போல ஒரே ஜோடியில் இரண்டையும் செய்ய நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை அதுதான்.

நண்பர்கள் கூப்பிடுகிறார்கள் என்று பனிச்சரிவுப் பயிற்சி இல்லாமல் கிளம்பாதீர்கள். பீக்கன் (பனியில் புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சிக்னல் கருவி), மண்வெட்டி, புரோப் (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி) மூன்றும் உங்கள் பையிலேயே இருக்க வேண்டும், பக்கத்து ஆளிடம் இருந்தால் போதாது.

கேள்வி: குடும்பத்தோடு பிப்ரவரியில் குல்மார்க் போகிறோம். பூட் வாங்கிக்கொண்டு போகலாமா? (மண்டபம் வாசகி)

பதில்: முதல் முறைக்கு வாங்கவே வேண்டாம் அம்மா, அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். ஒரே ஒரு ஜோடி மெல்லிய, நீளமான சாக்ஸ் போடுங்கள், குளிருக்குப் பயந்து இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும். நீங்கள் கடல் மட்டத்திலிருந்து நேராக 2,600 மீட்டருக்கு மேல் போகிறீர்கள், முதல் நாள் ஓய்வெடுங்கள். கொண்டோலா என்ற கேபிள் காரின் இரண்டாம் கட்டம் அபர்வாத் மலையில் 3,900 மீட்டரைத் தாண்டிக் கொண்டுபோய் விடும். அங்கிருந்து சறுக்குவது தேர்ந்தவர்களுக்கு மட்டும், கற்றுக்கொள்கிறவர்களுக்குக் கீழே உள்ள சரிவுகள் போதும்.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் மகன் தன் ஸ்கீ பூட்டை பாம்பன் வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். எப்படிப் பாதுகாப்பது?

பதில்: முடிந்தால் அடுத்த தடவை வரும்போது எடுத்துப்போகச் சொல்லுங்கள் ஐயா. 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தைக் காலமெல்லாம் துரு எடுத்த காற்று உங்களுடையது, பூட்டின் ஸ்க்ரூவும் இரும்புக் குழியும் அதற்கு எம்மாத்திரம். அதைவிட, பல பூட்களின் ஷெல் பாலியூரித்தேன். ஈரமும் வெக்கையும் சேர்ந்து வருடக்கணக்கில் தாக்கினால் உள்ளுக்குள் உறுதி இழந்து, வெளியே பளபளப்பாக இருக்கும்போதே ஒரு நாள் உடைந்துவிடும். லைனரைக் கழற்றி நிழலில் காயவைத்து, உலோகப் பாகத்தில் லேசாக எண்ணெய் தடவி, பக்கிளைத் தளர்வாக மாட்டி, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். ஓட்டு வீட்டு மாடத்திலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியிலும் வேண்டாம். அவர் திரும்பப் போடுவதற்கு முன் ஒரு கடையில் காட்டி, ஷெல்லில் விரிசல் இருக்கிறதா, பைண்டிங்கில் ஒழுங்காகக் கழல்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள்.