போர்க்கால வீரர்களை மலேசியத் தமிழர்கள் மறந்துவிட்டோமா?

கேள்வியைக் கேட்டவருக்குப் பள்ளியில் படிக்கிற பிள்ளை இருக்கும் என்று நினைக்கிறேன். ஜூலை 31 வீரர்கள் தினத்துக்கு ஏதாவது எழுதி வரச் சொல்லியிருப்பார்கள், நம்மவர் யாராவது கிடைப்பாரா என்று தேடியிருப்பீர்கள். மறக்கவில்லை, விழா எடுத்தே கெடுத்துவிட்டோம் என்பதுதான் என் பதில்.

என் அம்மாச்சியின் அக்கா, நாங்கள் பெரிய பாட்டி என்போம், ஜான்சி ராணிப் படையில், அதாவது ஜப்பானியர் துணையோடு வெள்ளைக்காரனை எதிர்த்த நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துப் பெண்கள் பிரிவில் இருந்தவர். 1943-இல் நேதாஜி சிங்கப்பூரில் பெண்கள் படையை அறிவித்தபோது கோலாலம்பூர் செந்தூலிலிருந்து கிளம்பிப் போனவர். அப்போது வயது பதினேழு. கேப்டன் லட்சுமிதான் தளபதி. நம் கோலாலம்பூர்ப் பெண் ஜானகி தேவர் அவருக்கு அடுத்த நிலைக்கு உயர்ந்தவர். பிற்காலத்தில் ஜானகி ஆதி நாகப்பன் என்று அறியப்பட்ட அதே அம்மையார்தான், ம.இ.கா. என்ற மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சி தொடங்கியபோதும் இருந்தார், 2000-இல் பத்மஸ்ரீ வாங்கினார். ஆனால் அந்தப் படையில் பெரும்பாலோர் பேர் தெரியாத தோட்டத்துப் பெண்கள். இதை யாரும் சொல்வதில்லை.

2008 வாக்கில் ஓர் இயக்கம் நேதாஜி விழா எடுத்தது. பெரிய பாட்டியை 'கௌரவிக்க' வேண்டும் என்று வீடு தேடி வந்து அழைத்தார்கள். மாலை ஐந்து மணிக்கு வரச் சொன்னார்கள், நான்தான் காரில் கூட்டிப் போனேன். ஒய்.பி., அதாவது மக்கள் பிரதிநிதி, வராமல் தொடங்க முடியாதாம். எண்பது தாண்டியவர், சர்க்கரை வியாதி வேறு. கொஞ்சம் சாப்பாடு கேட்டேன். "விஐபி டேபிள் முடியட்டும் அண்ணே" என்றான் ஒரு தம்பி. ஒய்.பி. எட்டு மணிக்கு மேல் வந்தார், மாலை, மேளம், உரை. கடைசியில் பெரிய பாட்டியை மேடைக்கு அழைத்த அறிவிப்பாளர், "அந்தக் காலத்து நர்ஸ் அம்மா" என்றார். பெரிய பாட்டி மைக்கை வாங்கி, "நான் நர்ஸ் இல்ல தம்பி, துப்பாக்கி தூக்கினவ" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் பர்மாவிலிருந்து திரும்பிய கதையைத் தொடங்கியதும், அடுத்து நடனம் இருக்கிறது என்று மைக்கை வாங்கிவிட்டார்கள்.

அவர் சொல்ல வந்ததை நான் சொல்கிறேன், வீட்டில் பலமுறை கேட்டது. 1945 ஏப்ரல் கடைசியில் ரங்கூனை விட்டுக் கிளம்பினார்கள். பகலில் விமானம் சுடும், அதனால் இரவில்தான் பயணம். லோரிகள் ஒவ்வொன்றாகப் போயின, பிறகு நடைதான். ஆறு குறுக்கிட்டபோது ஜப்பானிய அதிகாரிகள் நேதாஜியை முதலில் கடக்கச் சொன்னார்கள். பெண்கள் எல்லோரும் அக்கரை சேரும்வரை நகரமாட்டேன் என்று நின்றுவிட்டார். பிறகு வண்டி கிடைத்தும் ஏறாமல் கூடவே நடந்தார், பூட்ஸைக் கழற்றியபோது பாதமெல்லாம் கொப்புளம். இப்படிப்பட்டவர் பேரில் விழா வைத்து ஒரு கிழவியைப் பட்டினி போட்டார்களே, அதுதான் இன்றும் எனக்கு வயிற்றெரிச்சல். பெரிய பாட்டி என்னவோ வீட்டுக்கு வந்து ரொட்டியும் மைலோவும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டார்.

சரி, இப்போது சிலர் கிளம்புவீர்கள். ஜப்பான்காரனோடு சேர்ந்தவர்கள் எப்படி வீரர்கள், ஜப்பான்காரன் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட மரண ரயில் பாதையில் செத்த தமிழனை மறந்துவிட்டாயா என்று. ஐயா, என் அப்பாவழிக் கொள்ளுத்தாத்தா அந்த 415 கிலோமீட்டர் பாதை போடப் போய்த் திரும்பாதவர்தான். தோட்டத்திலிருந்து லோரியில் ஏற்றிக்கொண்டு போனதோடு சரி. கல்லறையும் இல்லை, திவசத்துக்குத் தேதியும் இல்லை. ஒரே காலத்தில் ஒருவர் விரும்பிப் போனார், இன்னொருவரை இழுத்துப் போனார்கள், இருவரும் என் சொந்தம். இதில் யாரை விட்டுக்கொடுக்கச் சொல்கிறீர்கள்? வெள்ளைக்காரனும் இங்கே ஒன்றும் ஒழுங்கில்லை. 1941 டிசம்பரில் பினாங்கில் ஜப்பான்காரன் குண்டு விழுந்ததும் ஐரோப்பியரை மட்டும் கப்பலேற்றிக்கொண்டு போய்விட்டான். ஊரைக் கையில் எடுத்துக்கொண்டது சரவணமுத்து என்ற பத்திரிகை ஆசிரியர், யாழ்ப்பாணத் தமிழர். இனியும் குண்டு போடாதே என்று காட்ட, கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் அவர். கையில் துப்பாக்கி கிடையாது. உங்கள் பிள்ளை எழுத இவரே போதும், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

அப்புறம், பெரிய பாட்டி சீருடையில் இருக்கும் படத்தைப் போடுங்கள் என்று கேட்காதீர்கள். ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவருடைய பேரனிடம் இருக்கிறது, ஸ்கேன் எடுக்கக்கூடத் தரமாட்டான். வீட்டுப் பங்குத் தகராறு, விடுங்கள்.