காரில் பேசாமல் வந்த இருபது நிமிடம்

கேள்வி: எங்கள் மகனுக்குப் பதினொரு வயது. ஊர்ச் சிறுவர் லீக்கில் பேஸ்பால் ஆடுகிறான். மூன்று வருடமாக அந்த அணிக்கு என் கணவர்தான் மேனேஜர்; யாரை எப்போது இறக்குவது என்று முடிவெடுப்பவர். மன்னார்குடிக்காரர்; சின்ன வயதில் கிரிக்கெட் ஆடியதோடு சரி. பேஸ்பாலை இங்கே வந்து மகனோடு சேர்ந்துதான் கற்றுக்கொண்டார். போன மாதம் சீசனின் கடைசிப் பந்தயத்தில், கடைசி இன்னிங்ஸான ஆறாவதில், இரண்டு பேர் அவுட் (மூன்றாவது ஆளும் அவுட் ஆனால் முடிந்தது), ஒரு ரன் தேவை என்ற நிலையில், வருடம் முழுவதும் ஒரு பந்தைக்கூட அடிக்காத ஒரு பையனை மட்டையோடு அனுப்பினார். எல்லோருக்கும் வாய்ப்புத் தர வேண்டும் என்று விதியாம். அவன் மட்டையை அசைக்காமலே, அடிக்க வேண்டிய மூன்று பந்தையும் விட்டு, அவுட் ஆகி வந்தான். தோற்றோம். (வீடு வரும்வரை இருபது நிமிடம் நானும் மகனும் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் வழக்கமாகப் போடும் பாட்டைப் போடவில்லை. ஸ்கோர் புத்தகம் இன்னும் கார் டிக்கியிலேயே கிடக்கிறது.) இப்போது, பத்து வருடம் தொழில்முறையாக ஆடி ஓய்வுபெற்ற ஒருவர் எங்கள் பகுதிக்குக் குடிவந்திருக்கிறார். பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக்கில் ஒரு சீசன் ஆடி நான்கு ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தவர். மேனேஜராக இருக்கத் தயார் என்கிறார். பெற்றோர் பலருக்கும் அதுதான் விருப்பம். வரும் ஞாயிற்றுக்கிழமை கூட்டம். ஆடிப் பழகியவர் நல்ல மேனேஜராகத்தானே இருப்பார்? இதை என் கணவரிடம் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

– பெயர் வேண்டாம், புளூமிங்டன், இலினாய்

பதில்: மனம் நோகாமல் சொல்ல வழி கேட்கிறீர்கள். அந்த மனிதர் நொந்து ஒரு மாதம் ஆகிறது, அம்மா.

இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதல்ல. கால்பந்து, நீச்சல், ஸ்பெல்லிங் போட்டி, பரதநாட்டியம் என்று பெயர்தான் மாறும். பிள்ளையின் திறமைக்கு வீட்டு மனிதர் போதவில்லை, வெளியிலிருந்து ஒரு பெரிய ஆள் வந்தால் நல்லது என்பதுதான் சாரம். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அடைப்புக்குறிக்குள் நீங்கள் ஒதுக்கி வைத்த மூன்று வரிகளை. அதற்குப் பிறகு வருகிறேன். கேட்ட கேள்வியை முதலில் முடித்துவிடுவோம்.

சிகாகோவில் முப்பது வருடம் குடித்தனம் நடத்திவிட்டேன். கோடை வந்தால் என் வீட்டுக்காரர் ரேடியோவை அணைத்ததே கிடையாது. சாம்பாருக்குத் தாளிக்கும்போதும் பந்து போடும் பிட்சரை மாற்றலாமா கூடாதா என்ற தர்க்கம் காதில் விழும். வேண்டாவெறுப்பாகக் கற்ற பாடம், உங்களுக்காவது பயன்படட்டும்.

நன்றாக ஆடியவர் நன்றாக நடத்துவார் என்பதற்கு அமெரிக்க பேஸ்பாலில் சாட்சி குறைவு. டெட் வில்லியம்ஸைவிடப் பெரிய பேட்டரைச் சொல்லுங்கள் பார்ப்போம். 1941ல் அவருடைய சராசரி .406; ஆயிரம் முறை மட்டை பிடித்தால் 406 முறை பந்தை வெற்றிகரமாக அடிப்பார் என்ற கணக்கு. அதற்குப் பிறகு அமெரிக்கன், நேஷனல் என்ற இரண்டு பெரிய லீக்குகளிலும் ஒரு சீசனை .400க்கு மேல் முடித்தவர் இல்லை. அவர் 1969ல் வாஷிங்டன் அணிக்கு மேனேஜராக வந்தார். முதல் வருடம் 86 வெற்றி, ஆண்டின் சிறந்த மேனேஜர் என்ற பெயர். அடுத்த வருடம் 70, அதற்கடுத்த வருடம் 63. அணி டெக்சஸுக்கு இடம் பெயர்ந்த 1972ல் 54 வெற்றி, 100 தோல்வி. அத்தோடு விலகிவிட்டார்.

வால்டர் ஆல்ஸ்டன் என்று ஒருவர். 1936ல் செயின்ட் லூயிஸ் அணிக்காக மேஜர் லீக்கில் ஒரே ஒரு முறை மட்டை பிடித்தார், ஸ்ட்ரைக் அவுட். ஆட்டக்காரராக மேஜர் லீக்கில் அவருடைய வாழ்க்கை அவ்வளவுதான். சீசன் இல்லாத மாதங்களில் ஒஹாயோவில் பள்ளி ஆசிரியராக இருந்தார். அவரைத்தான் டாட்ஜர்ஸ் அணி 1954ல் மேனேஜராகக் கூப்பிட்டது. வருடத்துக்கு ஒரு ஒப்பந்தம் என்று 23 வருடம் இருந்தார். சாம்பியன் யார் என்று முடிவாகும் உலகத் தொடரை நான்கு முறை வென்றார். உங்கள் கணவரும் அந்த மட்டை பிடித்த கணக்கில் ஆல்ஸ்டனுக்கு ஒன்றே ஒன்றுதான் குறைவு.

இதற்காக ஆடியவர்கள் எல்லாம் உதவாதவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஜோ டாரி 1971ல் லீக்கின் மதிப்புமிக்க ஆட்டக்காரர். மேனேஜராக மூன்று அணிகளில் வென்றதைவிடத் தோற்றது அதிகம். 1996 சீசனுக்கு நியூயார்க் யாங்கீஸ் அவரை எடுத்தபோது ஒரு பத்திரிகை ஒன்றும் தெரியாத ஜோ என்ற பொருளில் தலைப்பே போட்டது. அந்த வருடமே கோப்பை, மொத்தம் நான்கு கோப்பை. உங்கள் பக்கத்து ஊர் பியோரியாவுக்கு ரைன் சாண்ட்பர்க் வந்த கதை அங்கே பழையவர்களைக் கேட்டால் தெரியும். சிகாகோ கப்ஸின் தலைமகன், 2005ல் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றவர். 2007ல் பியோரியாவின் மைனர் லீக் அணிக்கு மேனேஜராக வந்து, இருபது வயதுப் பையன்களோடு பஸ்ஸில் ஊர் ஊராகப் போனார். கீழ்ப்படிகளில் ஆறு வருடம். பிறகு ஃபிலடெல்ஃபியாவில் மேஜர் லீக் பதவி கிடைத்தது; 119 வெற்றி, 159 தோல்வி; 2015 ஜூனில் தாமே விலகினார். அவர் முடித்த விதத்தைவிட அந்த பஸ்தான் எனக்கு முக்கியம். தன் பெயரை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத் தொழிலை அடியிலிருந்து படிக்க வந்தவர்.

உங்கள் புது ஆள் நான்கு ஹோம் ரன் அடித்தார் என்று எண்ணிக்கையோடு எழுதியிருக்கிறீர்கள். களத்தில் எந்த இடத்தில் ஆடினார் என்று எழுதவில்லை. கேட்சராக (கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர் மாதிரி) இருந்தால் என்னிடம் அவருக்குப் பாதி மதிப்பெண் உண்டு. மற்ற எட்டுப் பேரையும் எதிரே பார்த்து உட்கார்ந்திருப்பவர் கேட்சர் ஒருவர்தான். பந்து போடுபவனின் கை எப்போது தளர்கிறது, யார் முகம் தொங்குகிறது என்று பார்த்துப் பார்த்தே அவர்கள் பாதி மேனேஜர் ஆகிவிடுகிறார்கள். கிளீவ்லேண்டின் ஸ்டீவன் வோட் அப்படி வந்தவர். மேஜர் லீக்கில் நுழைந்தபோது 32 முறை மட்டை பிடித்தும் ஒரு ஹிட் கிடையாது. இரண்டு சீசனில் பரவிய வெறுமை. கடைசியில் 2013ல் கிடைத்த முதல் ஹிட் ஒரு ஹோம் ரன். 2022ல் ஓய்வு, ஒரு வருடம் பயிற்சியாளர் வேலை, 2024ல் மேனேஜர். அந்த வருடமே லீக்கின் சிறந்த மேனேஜர் விருது, அடுத்த வருடமும் அவருக்கே.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதரிடம் ஹோம் ரன் கதை கேட்காதீர்கள். அடிக்கவே முடியாமல் தவித்த மாதம் எது, அப்போது மேனேஜர் உங்களிடம் எப்படி நடந்துகொண்டார் என்று கேளுங்கள். அதற்கு அவரிடம் நிதானமான பதில் இருந்தால் பிள்ளைகளை நம்பி விடலாம். சிரித்து மழுப்பினால், வாரம் ஒரு நாள் மட்டை பிடிக்கச் சொல்லித்தர வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

இனி, அந்தக் கார்.

இருபது நிமிடம். அம்மா, உங்கள் ஊரில் பக்கத்தில் பக்கத்தில் எல்லாம் இருக்கும்போது, இருபது நிமிடம் என்பது நீண்ட வழி. முன்சீட்டில் நீங்கள், பின்சீட்டில் மகன். மகன் கோபத்தில் பேசவில்லை என்றால் அவனுக்கு வயது பதினொன்று, விட்டுவிடலாம். உங்களுக்கு என்ன வயது? அவன் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயை மூடிக்கொண்டான். பின்சீட்டுப் பிள்ளைகள் கண்ணாடியில் அம்மாவின் முகத்தைப் படிப்பதுபோல வேறெதையும் படிப்பதில்லை. அன்று நீங்கள் அவனுக்கு ஒரு பாடம் நடத்தினீர்கள்: நமக்கு வெற்றி வாங்கித் தராத நாளில் அப்பாவோடு பேச வேண்டியதில்லை. நாளைக்கு அவரோடு வேறு எதற்கும் அவன் பேசாமல் இருக்கும்போது, தயவுசெய்து எனக்குக் கடிதம் எழுதாதீர்கள்.

அவர் செய்தது என்ன? லிட்டில் லீக் விதிப்படி, வந்திருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் எதிரணியின் ஆறு அவுட் விழும்வரையாவது களத்தில் நிற்க வேண்டும், ஒரு முறையாவது மட்டை பிடிக்க வேண்டும். மீறினால் தண்டனை மேனேஜருக்கு. ‘விதியாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று வருடம் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கைதட்டிய உங்களுக்கு அது இன்னும் ‘யாம்’தானா? அந்த விதி இருப்பதால்தான் உங்கள் மகனும் எட்டு வயதில், பந்து வந்தால் கண்ணை மூடிக்கொண்ட காலத்தில், களத்தில் நின்றான். அப்போது கசக்காத விதி.

உங்கள் கணவர் பேரிலும் எனக்கு ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பையனை அனுப்பியது தவறில்லை. ஆட்டம் முறுகி நிற்கும் ஆறாவது இன்னிங்ஸ்வரை அவன் முறையைத் தள்ளிப்போட்டதுதான் தவறு. இரண்டாவது இன்னிங்ஸில், யாரும் நகம் கடிக்காத நேரத்தில், அவனை இறக்கியிருக்க வேண்டும். கடமை என்று தெரிந்த காரியத்தைக் கடைசியில் செய்தால் அது தண்டனை மாதிரி ஆகிவிடும், அதுவும் அந்தப் பிள்ளைக்கு. இதை அவரிடம் நேராகச் சொல்லுங்கள். ஆட்டத்தைப் புரிந்துகொண்டு மனைவி சொல்லும் குறை யாரையும் நோகடிப்பதில்லை. நோகடிப்பது அந்த ஊமைக் கார்தான்.

மைக் மத்தீனி என்று இன்னொரு கேட்சர். தலையில் பட்ட அடிகளால் ஆட்டத்தை விட்டவரை, செயின்ட் லூயிஸ் பக்கத்தில் சிறுவர் அணி ஒன்றைப் பார்த்துக்கொள்ளக் கேட்டபோது, ஒப்புக்கொள்ளும் முன் பெற்றோருக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினார். சிறுவர் விளையாட்டில் பெரிய சிக்கலே பெற்றோர்தான், பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து வாயைத் திறக்காதீர்கள் என்பது அதன் சாரம். பிறகு 2012ல், தொழில்முறை அணியை நடத்திய அனுபவமே இல்லாமல், அதே செயின்ட் லூயிஸின் கார்டினல்ஸ் அணிக்கு மேனேஜராக வந்து, 2013ல் உலகத் தொடர்வரை கொண்டுபோனார். 2018ல் பதவியும் போனது. உங்கள் புது ஆளும் விவரமானவராக இருந்தால் முதல் வாரமே அப்படி ஒரு கடிதம் உங்கள் வீட்டுக்கு வரும். அப்போது யார்மேல் குறை சொல்வீர்கள்?

கூட்டத்தில் கை தூக்குவது பற்றி: உங்கள் கை கணவருக்கு எதிராக உயரக் கூடாது. பழைய காலத்து ஆள் என்று நீங்கள் என்னைச் சொல்லலாம், எனக்கு அதில் வருத்தமில்லை. ஊருக்கு நடுவில் வீட்டு மனிதரை இறக்கிவிட்டு, அவர் பிள்ளைக்கு நல்லது செய்தேன் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். அவர் தாமாக இடம் விட்டால் அது வேறு. அந்தப் பெரிய ஆட்டக்காரரைக் கூப்பிட்டு, ‘நீங்கள் மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுங்கள், பெயர்ப் பட்டியலை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று அவர் சொல்லலாம், தலைகீழாகவும் சொல்லலாம். எதுவானாலும் அதை அவரே சொல்ல வேண்டும். சொல்கிற தெம்பு அவருக்கு வர வேண்டும். ஒரு மாதமாக அது டிக்கியில் கிடக்கிறது.

சனிக்கிழமை காலையில் அந்த ஸ்கோர் புத்தகத்தை நீங்கள் போய் எடுத்து வாருங்கள். காபி போட்டு, மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்து கடைசிப் பந்தயத்தின் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். ஆறாவது இன்னிங்ஸ் கட்டத்தில் ஸ்ட்ரைக் அவுட்டுக்கு அடையாளமான ஆங்கிலத்தின் கே எழுத்து கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பி இருக்கும். மட்டையை வீசிப் பந்தைத் தவறவிட்டு அவுட் ஆனால் நேராகப் போடுவார்கள். வீசாமலே அவுட் ஆனால் திருப்பிப் போடுவார்கள். அந்தச் சின்ன வித்தியாசத்தை உங்களுக்குச் சொல்லித்தர அவருக்கு இரண்டு நிமிடம் ஆகும். அந்த வரியின் இடது ஓரத்தில் பையனின் பெயர் இருக்கும். உங்கள் கடிதத்தில் அவனுக்குப் பெயர் இல்லை. படித்துத் தெரிந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அவன் அம்மாவுக்கு ஒரு போன் செய்யுங்கள். சாயங்காலம் உங்கள் மகனோடு பந்து பிடித்து விளையாட அவனை அனுப்ப முடியுமா என்று கேளுங்கள்.