மக்கள் பணத்தின் கணக்கு: அரசுச் செலவினம் குறித்த கேள்வி பதில்

கேள்வி: ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டம் வெளியிடப்படும்போது, வெளிப்படைத்தன்மை போதவில்லை என்று ஏன் சொல்கிறீர்கள்?

பதில்: வரவு செலவுத் திட்டம், செலவழிக்க எண்ணியதைச் சொல்கிறது; செலவழித்ததைச் சொல்வதில்லை. ஆண்டின் நடுவே ஒரு பணிக்கு ஒதுக்கிய தொகை வேறொன்றுக்கு மாற்றப்படலாம். சில பணிகள் தொடங்கப்படாமலே போகலாம். ஒதுக்கீடு, ஆண்டின் நடுவே மாற்றியமைத்த திருத்திய மதிப்பீடு, உண்மையில் செலவானதைக் காட்டும் இறுதிக் கணக்கு ஆகிய மூன்றும் ஒரே தலைப்பின் கீழ் அருகருகே கிடைத்தால்தான் அரசு சொன்னதையும் செய்ததையும் ஒப்பிட முடியும். பல நாடுகளில் இறுதிக் கணக்கு மிகத் தாமதமாக வருவதால், அதற்குள் கேட்பவர்களின் கவனம் அடுத்த ஆண்டுக்குப் போய்விடுகிறது.

கேள்வி: விவரங்களை வெளியிட்டால் முறைகேடு குறையும் என்பதற்குச் சான்று உண்டா?

பதில்: உகாண்டாவின் அனுபவத்தைச் சொல்லலாம். மாணவர் எண்ணிக்கையை வைத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கு அந்நாட்டு நடுவண் அரசு அனுப்பிய மானியத்தில், 1991 முதல் 1995 வரை சராசரியாக 13 விழுக்காடு மட்டுமே பள்ளிகளைச் சென்றடைந்தது என்று 250 பள்ளிகளில் நடந்த ஆய்வு காட்டியது. மீதியில் பெரும்பகுதி இடையிலிருந்த மாவட்ட நிர்வாகங்களிலேயே நின்றுவிட்டது. அதன்பின், அனுப்பப்படும் தொகையை அரசு நாளிதழ்களில் வெளியிட்டதோடு, வந்து சேர்ந்த தொகையைப் பள்ளிகளில் ஒட்டிவைக்கவும் செய்தது. சில ஆண்டுகளில் மானியத்தின் பெரும்பகுதி பள்ளிகளுக்குக் கிடைக்கத் தொடங்கியது. அதே காலத்தில் வேறு சீர்திருத்தங்களும் நடந்தமையால், முழுப் பெருமையையும் நாளிதழ் அறிவிப்புக்கே தருவது சரியன்று என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. அந்த எச்சரிக்கை நியாயமானது. ஆயினும், தனக்கு வரவேண்டிய தொகை எவ்வளவு என்று அறியாத தலைமையாசிரியரால் குறைவைப் பற்றிக் கேட்கவே முடியாது என்பதில் எனக்கு ஐயமில்லை.

கேள்வி: ஒப்பந்தங்களை வெளியிட்டால் நிறுவனங்களின் வணிக இரகசியம் பாதிக்கப்படாதா?

பதில்: தயாரிப்பு நுட்பத்தை மறைக்கலாம், பொதுப் பணத்தில் வாங்கிய பொருளின் விலை, அளவு, ஒப்படைக்கும் நாள் ஆகியவற்றை மறைக்க எந்தக் காரணமும் இல்லை. சுலோவாக்கியாவில் 2011 முதல், அரசு அமைப்புகளின் ஒப்பந்தங்கள் இணையத்தில் வெளியான பிறகே நடைமுறைக்கு வருகின்றன. வெளியிடாவிட்டால் ஒப்பந்தமே செல்லாது என்றாகும்போது, அதை வெளியிடுவதில் ஒப்பந்ததாரரும் அக்கறை கொள்கிறார்.

கேள்வி: பாதுகாப்புச் செலவுகளையுமா வெளியிடுவது?

பதில்: படைகளின் செயல்திட்டங்களை வெளியிட வேண்டியதில்லை. ஆனால் மொத்தத் தொகையை வெளியிடுவதும், முழுத் தணிக்கையை நாடாளுமன்றக் குழுவின் பார்வைக்கு வைப்பதும் அவசியம்.

கேள்வி: ஆயிரக்கணக்கான பக்கங்களில், தேடவும் கூட்டவும் இயலாத படங்களாகக் கணக்கு வெளியிடப்படுகிறது. சாதாரணக் குடிமகன் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: எண்களைக் கணினி படிக்கும் அட்டவணையாகத் தரும்படி முதலில் கேளுங்கள், படமாகத் தருவது பாதி மறைப்பதற்குச் சமம். பிறகு, நீங்கள் அன்றாடம் கண்ணால் காணும், சாலை போன்ற ஒரே ஒரு அரசுப் பணியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் பணி ஆணை, அளவீட்டுப் பதிவு, பணம் வழங்கிய பட்டியல் ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குங்கள். பதிவில் உள்ள நீள அகலத்தை நேரில் அளந்து பாருங்கள். பணம் வழங்கிய நாளில் அந்தப் பணி முடிந்திருந்ததா என்று அங்கே வசிப்பவர்களிடம் விசாரியுங்கள். வேறுபாடு இருந்தால், அந்த மூன்று தாள்களின் நகல்களையும் இணைத்துத் தணிக்கைத் துறைக்கு எழுதுங்கள்.