பட்டினி போட்டும் பேண்ட் மாறலையே மேடம்!

கேள்வி: மேடம், நான் பிஎச்.டி. ரெண்டாவது வருஷம். செல்லுக்கு சத்து வந்துருக்கா இல்லையான்னு பாத்து வளர்ச்சியை நடத்துற எம்டார் புரோட்டீன்லதான் வேலை. செல்களை அமினோ ஆசிட் இல்லாத மீடியால ஒரு மணி நேரம் பட்டினி போட்டு வெஸ்டர்ன் பிளாட் (புரோட்டீனை ஜெல்ல பிரிச்சு, சவ்வுக்கு மாத்தி, ஆன்டிபாடியால கண்டுபிடிக்கிற சோதனை) பண்ணேன், சாப்பிட்ட செல், பட்டினி செல் ரெண்டுலயும் எம்டார் பேண்ட் (அந்த புரோட்டீன் இருக்கிற இடத்துல தெரியற கோடு) ஒரே மாதிரி, அதுவும் மங்கலா இருக்கு. ஆன்டிபாடி சரியில்லன்னு கைடு சொல்றார், புதுசு வாங்க காசு இல்ல. (பெயர் வேண்டாம்)

பதில்: ஆன்டிபாடியை திட்டாதம்மா, ரெண்டும் ஒரே மாதிரி வந்ததுதான் சரி. உன்கிட்ட இருக்கிறது டோட்டல் எம்டார் ஆன்டிபாடி, எம்டார் எவ்வளவு இருக்குன்னுதான் அது சொல்லும், ஒரு மணி நேரத்துல அளவு எங்க குறையப்போகுது, வேலைதான் நிக்கும். கடைக்கு ஷட்டர் போட்டா கடையே காணாம போயிடுமா என்ன!

வேலை நடக்குதான்னு பாக்கணும்னா எம்டார் யார் மேல கை வைக்குதோ அவங்களை பாரு. எஸ்6கே1ங்கிற புரோட்டீன்ல 389வது அமினோ ஆசிட்டான த்ரியோனின்ல எம்டார் பாஸ்பேட் ஒட்டும், அப்படி ஒட்டினதை மட்டும் பிடிக்கிற ஃபாஸ்போ ஆன்டிபாடி பக்கத்து லேப்ல இருந்தா பத்து மைக்ரோலிட்டர் கடன் கேளு, பத்து மில்லி கரைசலுக்கு அது போதும். 70 கிலோடால்டன் கிட்ட பேண்ட் வரும், பட்டினில மறையணும், அமினோ ஆசிட் திருப்பி குடுத்தா பத்து நிமிஷத்துல வந்து நிக்கணும். 85 கிட்ட இன்னொண்ணு தெரிஞ்சா பயப்படாத, அதே ஜீன்லேருந்து வர்ற நீளமான வடிவம் அது. எம்டார்லயே 2448வது செரினுக்கு ஃபாஸ்போ ஆன்டிபாடி கிடைக்குது, நிறைய பேர் போடறாங்க, எனக்கென்னவோ அது பிடிக்காது, அங்க பாஸ்பேட் ஒட்டுறது பெரும்பாலும் எஸ்6கேதான், சுத்தி வளைச்சு வர்ற சேதி.

ஒண்ணு கேக்குறேன், பட்டினி மீடியால சாதா சீரம் ஊத்துனியா? அதுல அமினோ ஆசிட் இருக்கும்மா, விரதம்னு சொல்லிட்டு பலகாரம் சாப்பிட்ட கதை. டயாலிசிஸ் பண்ணி அமினோ ஆசிட் மாதிரி சின்ன மூலக்கூறுகளை எடுத்த சீரம்தான் போடணும். ஃபாஸ்போ பிளாட்டுக்கு பால் பவுடர்ல பிளாக் பண்ணாத (ஆன்டிபாடி கண்ட இடத்துல ஒட்டாம சவ்வை மூடுறதுதான் பிளாக்), பால்ல இருக்கிற கேசீனே ஃபாஸ்போ புரோட்டீன், பேக்ரவுண்ட் ஏறும், பிஎஸ்ஏ (மாட்டு சீரம் ஆல்புமின்) எடுத்துக்கோ.

மங்கலுக்கு வருவோம். எம்டார் 289 கிலோடால்டன், யானை மாதிரி, பத்து பர்சன்ட் ஜெல்ல ஓட்டி அரை மணி நேரம் செமி-ட்ரை டிரான்ஸ்ஃபர் (சவ்வுக்கு மாத்துறது) பண்ணா பாதி ஜெல்லுலயே உக்காந்துடும். ஆறு பர்சன்ட் ஜெல், மெத்தனால் கம்மி, கோல்ட் ரூம்ல ராத்திரி முழுக்க வெட் டிரான்ஸ்ஃபர்.

கைடுகிட்ட நிரூபிக்க எஸ்ஐஆர்என்ஏ (ஒரு ஜீனோட புரோட்டீன் உருவாகாம தடுக்கிற குட்டி ஆர்என்ஏ) போட்டு எம்டாரை குறைச்சு காட்டு, டோட்டல் பேண்ட் இளைக்கணும். மொத்தமா நீக்குறது கஷ்டம், எம்டார் இல்லாத எலிக் கருவே சில நாள்ல செத்துடுது. ஃபாஸ்போ பேண்ட் மறையுதான்னு காட்ட எம்டாரை தடுக்கிற டோரின்1 இல்லன்னா ராப்பமைசின் போடு. ராப்பமைசின், ஈஸ்டர் தீவுல 1964ல எடுத்த மண்ணுல இருந்த பாக்டீரியா குடுத்த மருந்து, எம்டார்ங்கிற பேர்ல இருக்கிற ‘ஆர்’ அதேதான்.

கேள்வி: கலக்கி வச்ச ஆன்டிபாடியை திரும்ப யூஸ் பண்ணலாமா? (அதே மாணவி)

பதில்: பிரைமரியை (புரோட்டீன்ல நேரா ஒட்டுற முதல் ஆன்டிபாடி) பண்ணலாம், 0.02 பர்சன்ட் சோடியம் அசைடு போட்டு ஃப்ரிட்ஜ்ல வை, சிக்னல் குறையுறவரை ஓட்டு. சிக்னல் குடுக்கிற என்சைமான எச்ஆர்பி ஒட்டின செகண்டரில (பிரைமரி மேல ஒட்டுற ரெண்டாவது ஆன்டிபாடி) மட்டும் அசைடு கலந்துடாத, எச்ஆர்பி வேலையே செய்யாது.