கணப்பு மூடும் வேளை

அன்புள்ள ஐயா,

அண்மைக்காலமாகக் கெல்டிக் ஆன்மிகம் (அயர்லாந்து, ஸ்காட்லாந்து மக்களின் பழைய கிறிஸ்தவ பக்தி முறை) குறித்துப் படித்துவருகிறேன். நேரக் கட்டுப்பாடோ விதிமுறையோ இல்லாமல் இயற்கையில் இறைவனைக் காணும் வழி அது என்கிறார்கள். காலை, மாலை ஜெபத்தைப் பலமுறை தொடங்கிக் கைவிட்ட எனக்கு இது ஒத்துவருமா?

ரா.

அன்புள்ள ரா.,

கட்டுப்பாடு இல்லாத வழி என்பதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் அயர்லாந்திலிருந்து பிரான்ஸ் பகுதிக்குச் சென்ற கொலம்பானுஸ் தம் துறவிகளுக்கு வகுத்த ஒழுங்கின்படி, குளிர்காலத்துச் சனி, ஞாயிறு இரவுகளில் பைபிளின் சங்கீதப் பாடல்களில் 75 வரை பாடியாக வேண்டும். இலகுவான வழி தேடுவோர் அந்தப் பக்கம் போகாதிருப்பதே நல்லது.

நீங்கள் படித்தவற்றுக்கு மூலம் பெரும்பாலும் வேறொன்றாக இருக்கும். கலால்துறை அதிகாரியான அலெக்ஸாண்டர் கார்மைக்கேல், ஸ்காட்லாந்தின் மேற்கிலுள்ள தீவுகளில் கேலிக் மொழி பேசிய எளிய மக்களிடம் கேட்டு எழுதிய ஜெபங்களை 1900இல் ‘கார்மினா கெடெலிகா’ என்ற பெயரில் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். அவற்றை அவர் ஓரளவு மெருகேற்றிவிட்டார் என்ற குறை ஆய்வாளர்களிடையே உண்டு; இருந்தாலும் பால் கறப்பது, நெய்வது, மாடு ஓட்டுவது என ஒவ்வொரு வேலைக்கும் அம்மக்களிடம் ஜெபம் இருந்தது என்பது அதனால் பொய்யாகிவிடாது.

அவர்கள் இரவில் கணப்பை, அதாவது வீட்டுக்குள் எரியும் அடுப்பு நெருப்பை, மூடிய முறையைப் பாருங்கள். வீட்டுப் பெண் தணலை வட்டமாகப் பரப்பி, மூன்று பங்காகப் பிரித்து, சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய பீட் கட்டிகளை அவற்றுக்கிடையே பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்னும் திரித்துவத்தின் பெயரால் ஒவ்வொன்றாக வைத்து, நெருப்பு அணையாமல் அடங்கிக் கிடக்கும் அளவுக்குச் சாம்பலால் மூடி, வீட்டாரைக் காக்கும்படி தணிந்த குரலில் வேண்டுவாள். மூடாமல் படுத்தால் நெருப்பு வீட்டைப் பிடிக்கலாம். தணல் அணைந்துபோனால் காலையில் அடுப்பு மூட்டுவது கடினம். ஆகவே அந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது, அதோடு சேர்ந்த ஜெபமும் தவறாது. மன உறுதியை நம்பித் தொடங்கிய நம்மைப் போன்றவர்கள்தாம் (நானும் அந்தக் கூட்டம்தான்) மூன்றாம் வாரத்தில் விட்டுவிடுகிறோம்.

எனவே தனியாக நேரம் ஒதுக்குவதற்குப் பதில், இரவில் கதவைத் தாழிடுவதுபோல் நீங்கள் எப்படியும் செய்தே தீரும் ஒரு வேலையோடு ஜெபத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்கள் அன்றன்று புதிதாகச் சொற்களைத் தேடவில்லை, தாயிடமும் பாட்டியிடமும் கேட்டு மனப்பாடமானவற்றையே சொன்னார்கள். நீங்களும் முதலில் நான்கைந்து வரிகளில் ஒரு ஜெபத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சொந்தச் சொற்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.